கந்தகம் பட்ட கண்ணாடிகள்

எரிபொருள் இல்லாமல் நாடே நின்றுபோயிருந்த மாதங்களில்தான் என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல வேலையைச் செய்தேன். இதை வெளியில் சொல்ல எனக்குக் கூச்சம். எல்லோரும் வெயிலில் வரிசையில் நின்ற காலம். நானும் நின்றேன், எரிவாயுவுக்கு. ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் நின்றுபோயிருந்தன. வருடக்கணக்கில் எனக்குக் கிடைக்காத ஒன்று, நேரம், திடீரென்று கைக்கு வந்தது.

நான் பௌதிகம் படிப்பிக்கிறவள். வெளிநாட்டில் ஐந்து வருடம் இருந்து ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, கோப்பாயில் திராட்சைக் கொடி படர்த்தி முந்திரிகைத் தோட்டம் செய்கிற ஒருவரைக் கலியாணம் செய்தேன். கலியாணத்துக்கு முன் இரண்டு தரம்தான் கதைத்தோம். இரண்டாவது தரம் கதைக்கும்போது, வெளிநாட்டில் செய்த வேலையை இங்கேயும் செய்யப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் "செய்யுங்கோ" என்றார். பிறகு எட்டு வருடமாக நான் ஒன்றும் செய்யவில்லை. விரிவுரை, விடைத்தாள், கூட்டம், மறுபடி விரிவுரை. அவர் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காதது எனக்குச் சில வேளை ஆறுதலாகவும் சில வேளை குத்தலாகவும் இருந்தது.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வெள்ளிக் கண்ணாடிகளை ஒன்றையொன்று பார்க்க வைத்து, நடுவில் மிகச் சிறிய இடைவெளி விட வேண்டும். தலைமயிரின் தடிப்பில் சில நூறில் ஒரு பங்கு இடைவெளி. அதற்குள் போன ஒளி வெளியே வர வழியில்லாமல் இரண்டு கண்ணாடிக்கும் இடையில் போய்ப் போய் வரும். எல்லா நிறமும் அப்படி நிற்காது. அந்த இடைவெளிக்குப் பொருந்துகிற நிறம் மட்டும்தான் நிற்கும். அதனால் மறுபக்கம் கசிந்து வருகிற ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் கோடு கீறினால் ஒரேயொரு முகடு தெரியும். எங்கள் துறையில் இதை ஒளிக்குழி என்போம். குழி என்றாலும் அதில் பள்ளம் ஒன்றும் இல்லை, விரல் நகமளவு கண்ணாடித் துண்டுதான்.

அந்த இடைவெளியில் அதே நிறத்தை உறிஞ்சுகிற சாயத்தை நிரப்பினால் விஷயம் மாறும். சாயத்தின் மூலக்கூறுகள் ஒளியை வாங்கும், திருப்பிக் கொடுக்கும், மறுபடி வாங்கும். ஒளி வெளியே கசிவதற்குள் இந்தக் கொடுக்கல்வாங்கல் பல தரம் நடந்துவிட்டால், அது ஒளியா சாயமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நிலை வரும். அப்போது ஒரு முகடு இரண்டாகப் பிரியும். அந்த இரண்டு முகட்டை யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எங்கள் ஆய்வுகூடத்தில் வெள்ளியை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைக்கும் வெற்றிட இயந்திரம் ஒன்று பழுதாகிக் கிடந்தது. அதைத் திருத்தியவர் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வடகரையில் கடலோடிகளின் குடும்பம். அவருடைய தகப்பனும் சிற்றப்பன்மாரும் கப்பலோடியவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினாலே தலை சுற்றிச் சத்தி வரும். "அதாலைதான் மிஸ் நான் பம்புகளோடை நிக்கிறன்" என்பார். பஸ் ஓடுகிற நாட்களில் மட்டும் வருவார். வாரத்தில் மூன்று நாள் வந்தால் பெரிய காரியம்.

மின்சாரம் எப்போது வெட்டுவார்கள் என்ற அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து, தொடர்ந்து ஐந்து மணித்தியாலம் மின்சாரம் இருக்கும் நாளைப் பார்த்து இயந்திரத்தைப் போடுவோம். காற்றை எல்லாம் இழுத்து எடுக்க நாலு மணித்தியாலம். வெள்ளி படிவதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த ஒரு நிமிடத்தில் அண்ணை மூச்சுவிடாமல் நிற்பார்.

வெள்ளிக் கம்பியும் அவர்தான் கொண்டுவந்தார், அவருக்குத் தெரிந்த நகை செய்கிற பத்தர் ஒருவரிடமிருந்து. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அப்போது வழியில்லை.

அளக்கிற வேலையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பல்கலைக்கழகத்துக்கும் வீட்டுக்கும் சைக்கிள்தான், தினமும் போய் வர முடியாது. என்னுடைய நிறமாலைமானி சோற்றுப் பெட்டி அளவு. மடிக்கணினியில் கொழுவினால் போதும். விளக்குக்கு என் கணவர் தன் மோட்டார் சைக்கிளின் பற்றரியைக் கழற்றித் தந்தார். பெற்றோல் இல்லாமல் அது சும்மாதானே நின்றது. தோட்டச் சாமான் வைக்கிற பின்னறையைக் கூட்டித் துடைத்து, மருந்தடிக்கிற மெசினையும் சாக்குகளையும் யன்னலுக்கு வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றி, ஒரு மேசை போட்டுத் தந்தார். யன்னலுக்குக் கறுப்புச் சீலை.

முதல் நாள் சாயம் இல்லாத துண்டை வைத்தேன். திரையில் ஒரு முகடு வந்தது. ஒல்லியாக, நேராக. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கை கழுவிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"உது தான் அதுவோ?"

"ஓம். உது சும்மா கண்ணாடி. சாயம் போட்டா ரெண்டாப் பிரிய வேணும்."

"பிரிஞ்சா என்ன பிரயோசனம்?"

"இப்போதைக்கு ஒண்டுமில்லை."

அவர் யோசித்தார். "சரி. பிரியட்டும்" என்றுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த கிழமை சாயம் போட்ட துண்டைக் கொண்டுவந்தேன். திரையில் இரண்டு மேடு, தெளிவில்லாமல், ஆனால் இரண்டு. மறுநாள் ஆறுதலாக அளப்போம் என்று பெட்டிக்குள் வைத்தேன். அதற்கு நேரம் கிடைக்க நாலு நாள் ஆனது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி மஞ்சளாகியிருந்தது. முகடு எல்லாம் சப்பளிந்துபோய் ஒரே தடித்த கோடு. பத்து நாளில் அது தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது.

மூன்று தரம் இப்படி நடந்தது. ஒவ்வொரு தரமும் ஐந்து மணித்தியால மின்சாரம், ஒரு சைக்கிள் பயணம், பிறகு கறுப்பு.

கடல் காற்று, உப்பு, ஈரம் என்று முதலில் நினைத்தேன். ஈரம் உறிஞ்சும் மணிகளைப் பெட்டிக்குள் போட்டேன். பயனில்லை. மூன்றாம் தரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. அண்ணையிடம் சொன்னேன்:

"அண்ணை, வெள்ளியிலைதான் பிழை. பத்தர் செம்பு கலந்திருப்பார்."

அவர் இயந்திரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார்.

"அந்தாள் எனக்குக் கலந்து தராது, மிஸ்."

"தெரிஞ்ச ஆள் எண்டா கலக்கமாட்டினமோ?"

"நான் எதுக்கு எண்டு சொல்லித்தான் வாங்கினனான். ஒளியை அடைச்சு வைக்கிற கண்ணாடிக்கு எண்டு சொன்னன். அந்தாள் ரெண்டு தரம் உருக்கிச் சுத்தம் செய்து தந்தது. காசும் வாங்கேல்லை."

அன்று பின்னேரம் அவர் பஸ்ஸுக்குப் போகுமுன் திரும்பி வந்தார். "ஒரே தட்டிலை படிஞ்ச வெள்ளியை ரெண்டா வெட்டுவம். ஒரு துண்டு இஞ்சை கிடக்கட்டும். ஒரு துண்டை நீங்கள் வீட்டை கொண்டுபோங்கோ. பத்து நாளாலை பாப்பம்."

எளிய சோதனை. நான் முதலாம் வருட மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கிற சோதனை. எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

பத்து நாளுக்குப் பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். ஆய்வுகூடத்தில் கிடந்த துண்டில் என் முகம் தெளிவாகத் தெரிந்தது. வீட்டிலிருந்து நான் கொண்டுபோன துண்டு மண்ணிறம். ஒரே வெள்ளி, ஒரே நாள், ஒரே இயந்திரம்.

"அண்ணை, நான் அண்டைக்குச் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பத்தரிட்டையும் சொல்லுங்கோ."

"அந்தாளுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். "சொல்லியிருந்தாத் தானே மன்னிப்புக் கேக்க வேணும்."

அப்படியென்றால் பிழை என் வீட்டில். சின்னத் துண்டுகளாக வெட்டி வீடு முழுக்க வைத்தேன். குசினியில் ஒன்று, படுக்கையறை அலுமாரியில் ஒன்று, சாமியறையில் ஒன்று, பின்னறையில் யன்னலடியில் ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் கடுதாசியில் இடத்தை எழுதினேன். எனக்குக் குசினியில்தான் சந்தேகம். முட்டை, வெங்காயம், புகை. முட்டை அவிப்பதைக்கூட நிறுத்தினேன்.

குசினித் துண்டு மெல்ல மஞ்சளானது. அலுமாரித் துண்டுக்கு ஒன்றுமில்லை. பின்னறைத் துண்டுதான் ஆறே நாளில் கறுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் குழம்பி நின்றபோது என் கணவர் சாமியறையிலிருந்து வந்தார். கையில் சாமியறையில் வைத்த துண்டு. அதுவும் நிறம் மாறியிருந்தது.

"உது ஏன் கறுக்குது எண்டு தேடுறீரோ?"

"ஓம்."

"வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுக்கிறது உமக்குத் தெரியுமோ?"

தெரியாது. எட்டு வருடத்தில் நான் அதைக் கவனித்ததில்லை.

"நான் தான் சாம்பல் போட்டு மினுக்கிறனான்" என்றார். "முந்திரிகைக்குத் தூள் அடிக்கிற கிழமையிலை எல்லாம் அது கறுக்கும். அடிச்சுப்போட்டு நேரை வந்து விளக்குக் கொழுத்துவன். சட்டையிலை, தலையிலை எல்லாம் தூள்."

அந்தத் தூள் கந்தகம். முந்திரிகை இலையிலும் குலையிலும் சாம்பல் மாதிரி வெண்பூஞ்சணம் பிடிக்கும். அதற்குக் கந்தகத் தூளைத் தூவுவதுதான் வழி. வெள்ளிக்குக் கந்தகத்தைவிடக் கூடாத சகவாசம் இல்லை, இது பாடசாலைப் பிள்ளைக்கே தெரியும். கந்தகச் சாக்குகள் என் மேசையிலிருந்து இரண்டு அடி தூரத்தில், யன்னலுக்கு வெளியே, எனக்காக இடம் ஒதுக்கித் தந்தபோது அவர் மாற்றி வைத்த அதே இடத்தில் இருந்தன. நான் தினமும் அவற்றைத் தாண்டித்தான் அறைக்குள் போனேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. தன்னால்தான் மூன்று தரம் கெட்டுப்போனது என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றார் போலிருந்தது. அன்று பின்னேரமே சாக்குகளைத் தோட்டத்தின் மறு கோடியிலிருந்த கொட்டிலுக்கு ஏற்றிவிட்டார்.

அதன் பிறகு துண்டுகள் கறுக்கவில்லை. நான் மகிழ்ச்சியோடு அளந்தேன். மூன்று கிழமை அப்படியே போனது. ஒரு விடிய, தேத்தண்ணி கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வழக்கமாக நான் பந்தலுக்குள் போவதில்லை, வரம்பில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அன்று அவர் உள்ளே நின்றதால் நானும் குனிந்து போனேன். மேற்குப் பக்கத்துக் கொடிகளின் இலைகளில் மா தூவினதுபோல வெள்ளை. பிஞ்சுக் குலைகளிலும் ஏறியிருந்தது. சில பிஞ்சு வெடித்தும் இருந்தது.

"இதென்ன இது?"

"கொஞ்சம் பிடிச்சிட்டுது."

"தூள் அடிக்கேல்லையோ?"

அவர் ஒரு குலையைக் கிள்ளிக் கீழே போட்டார்.

"எப்ப கடைசியா அடிச்சனீங்கள்?"

"நீர் துண்டுகள் வைச்ச கிழமையிலை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் அளக்கிறதை நிப்பாட்டிப்போடுவீர்" என்றார். "எட்டு வருஷத்துக்குப் பிறகு இப்பத் தானே தொடங்கினனீர்."

அவர் அந்த எட்டு வருடத்தை எண்ணி வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்காமல் இருந்ததெல்லாம் மறந்ததால் அல்ல. எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்:

"இண்டைக்கே அடியுங்கோ. நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போறன்."

"எங்கை போவீர்? பெற்றோல் இல்லை."

"சைக்கிள் இருக்குத் தானே."

"அளக்கிறதோ?"

"அங்கை போய் அளப்பன். இந்தக் குலை போனா அடுத்த பருவம் மட்டும் பாத்துக்கொண்டிருக்க வேணும். கண்ணாடி நான் நாளைக்கும் செய்யலாம்."

அவர் தேத்தண்ணியைக் குடித்துமுடித்தார். பிறகு கொட்டிலுக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தார். மேற்குப் பக்கத்தில் பாதிக்கு மேல் அந்த முறை கைவிட்டுப்போனது. மற்றப் பக்கம் தப்பியது. இன்றைக்கும் அந்தப் பாதியை நினைத்தால் எனக்கு மனம் சுருங்கும். அவர் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

நிறமாலைமானியைத் துவாயில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்துத் திரும்பவும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். அண்ணை விஷயத்தைக் கேட்டுவிட்டு, வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறவர்கள் வாங்குகிற கரியைக் கொஞ்சம் எங்கேயோ தேடிப்பிடித்து, இறுக்க மூடும் போத்தல்களின் அடியில் போட்டுத் தந்தார். வாயுவை அந்தக் கரி இழுத்துக்கொள்ளும். என் உடுப்பிலும் தூள் இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். ஆய்வுகூடத்துக்கென்று ஒரு வெள்ளை மேலங்கியைத் தோய்த்து ஆணியில் கொழுவிவைத்தார். நான் அதைப் போடாமல் போத்தலைத் தொட்டால் தொண்டையைச் செருமுவார்.

அடுத்த துண்டில் இரண்டு முகடு வந்தது. இந்த முறை மேடு இல்லை, முகடு. அண்ணை திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"மிஸ், ஒண்டு கேக்கட்டோ. ஒரு முகடு இருந்தது. சாயம் நடுவிலை உள்ள ஒளியை விழுங்கிப்போட்டுது எண்டு வையுங்கோ. அப்பவும் ரெண்டு பக்கமும் மிஞ்சி ரெண்டு முகடு மாதிரித் தானே தெரியும்?"

வெளிநாட்டில் என் பேராசிரியர் என்னிடம் கேட்ட கேள்வி அது. அதற்குப் பதில் சொல்வதற்குக் கண்ணாடியைச் சரிக்க வேண்டும். சரிக்கச் சரிக்க ஒளிக்குழியின் நிறம் மாறும், சாயத்தின் நிறம் மாறாது. வெறுமனே விழுங்குவதாக இருந்தால் ஒளியின் முகடு சாயத்தின் நிறத்தைத் தாண்டி நேரே மறுபக்கம் போய்விடும். இரண்டும் கலந்திருந்தால் முகடுகள் கிட்ட வரும், ஆனால் ஒன்றையொன்று கடக்காமல் விலகிப் போகும்.

அண்ணை இரண்டு நாளில் ஒரு தாங்கி செய்து கொண்டுவந்தார். பித்தளைத் தகடு, ஒரு அச்சு, மாணவர் பாவிக்கிற பாகைமானி. ஐந்து ஐந்து பாகையாகச் சரித்தோம். மத்தியானத்துக்கு மேல் மின்சாரம் போகும் என்று தெரியும், ஆகவே காலையிலேயே தொடங்கினோம். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் வரைபுத்தாளில் பென்சிலால் புள்ளி வைத்தார். மேல் வரிசையில் ஒரு புள்ளி, கீழ் வரிசையில் ஒரு புள்ளி. இருபது பாகையில் இரண்டும் கிட்ட வந்தன. இருபத்தைந்தில் இன்னும் கிட்ட. முப்பதுக்குச் சரித்தேன். எண்ணைப் படித்தேன். அண்ணை புள்ளியை வைத்துவிட்டுப் பென்சிலை எடுக்காமல் நின்றார்.

"விலகுது" என்றார்.

முப்பத்தைந்து. நாற்பது. இரண்டு வரிசையும் வளைந்து தங்கள் தங்கள் பக்கம் போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஒரு இடைவெளி, அதில் ஒரு புள்ளியும் இல்லை. நான் கதிரையில் இருந்துவிட்டேன். அண்ணை தாளைச் சுவரில், மின்வெட்டு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினார். பிறகு இருவரும் அவருடைய போத்தலில் இருந்த வெறுந் தேத்தண்ணியைப் பாதி பாதியாகக் குடித்தோம்.

அடுத்த நாள் அவர், என் கணவர், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட உள்ள திருநெல்வேலிச் சந்தைக்கு முந்திரிகைப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர், வழியில் ஆய்வுகூடத்துக்கு வந்தார். எட்டு வருடத்தில் முதல் தரம். வாசலிலேயே நின்றார்.

"உள்ளை வாங்கோ."

"வேண்டாம். சட்டையிலை தூள் இருக்கும்."

அண்ணை தாளைச் சுவரிலிருந்து கழற்றி வாசலுக்குக் கொண்டுபோனார். என் கணவர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இதிலை எது ஒளி, எது சாயம்?"

"இந்த ஓரத்திலை கேட்டா இது ஒளி, இது சாயம்" என்றேன். "நடுவிலை கேட்டா சொல்ல ஏலாது. ரெண்டிலையும் ரெண்டும் இருக்கு."

அவர் விரலைத் தாளில் படாமல் நடு இடைவெளிக்கு மேல் பிடித்தார். "பிரிஞ்சிட்டுது" என்றார். பெட்டியிலிருந்து இரண்டு குலையை எடுத்து அண்ணையிடம் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போனார்.

கட்டுரை எழுதி அனுப்ப ஒரு வருடம் போனது. பிரசுரத்துக்கு முன் பரிசீலித்த ஒருவர், உங்கள் வெள்ளி எவ்வளவு காலம் கெடாமல் இருக்கிறது என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு உலகத்தில் எங்களைப்போல விபரமாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் அதிகம் இருந்திருக்கமாட்டார்கள். குசினி, அலுமாரி, சாமியறை, பின்னறை எல்லாம் அட்டவணையாகப் போனது. சாமியறைக்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது என்று நான் நெடுநேரம் யோசித்தேன். கட்டுரையில் அண்ணையின் பெயர் இரண்டாவதாக வந்தது. அவர் மூன்று பிரதி எடுத்தார். ஒன்று பத்தருக்கு.

கட்டுரை ஏற்கப்பட்ட கிழமைச் சனிக்கிழமை, இரண்டு குடும்பமுமாகக் கீரிமலைக்குப் போனோம். பெற்றோல் கிடைக்கத் தொடங்கியிருந்தது. நகுலேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டுக் குளிக்கப் போனோம். ஆண்கள் பெரிய கேணிப் பக்கம் போனார்கள். நானும் அண்ணையின் மனைவியும் பெண்களின் கேணியில் இறங்கினோம். நல்ல தண்ணி, கழுத்துமட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் அடித்தது. அவவை நான் அன்றுதான் முதலில் சந்தித்தேன். கொஞ்ச நேரம் கூச்சமாக இருந்துவிட்டு அவ கதைக்கத் தொடங்கினா.

"பிள்ளை, நீங்கள் எங்கடை மனிசனை என்ன செய்தனீங்கள்?"

"ஏன் அக்கா?"

"இருபது வருஷமா வீட்டை வந்தா அந்தாள் சாப்பிடும், படுக்கும். வேலையைப் பற்றி ஒரு கதை வராது. இப்ப சோத்துக் கோப்பையிலை விரலாலை ரெண்டு கோடு கீறி, இது கிட்ட வரும், ஆனா முட்டாது எண்டு எனக்குப் படிப்பிக்குது. சோறு ஆறிப்போகுது."

"உங்களுக்கு விளங்குதோ?"

"பாதி விளங்குது" என்றா. "மற்றப் பாதிக்கு நான் ஓம் ஓம் எண்டு சொல்லுறனான். நான் இப்பிடிச் சொன்னதை அந்தாளிட்டைச் சொல்லிப்போடாதைங்கோ பிள்ளை, நிப்பாட்டவும் சொல்லாதைங்கோ. அந்தாள் கதைக்கிறது நல்லாயிருக்கு."

நான் அண்ணையிடம் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டு எழும்பினா. தலையிலிருந்து தண்ணி ஓட, "பேந்து என்ன செய்யப்போறியள், ரெண்டையும் மூண்டாக்கப்போறியளோ?" என்று கேட்டா. மூன்றாக்கலாம், அதற்கும் வழி இருக்கிறது என்று நான் சொல்லத் தொடங்கினேன். வெளியில் ஆண்கள் கூப்பிடும்வரை இருவரும் தண்ணிக்குள்ளேயே நின்றோம்.